கொடிக்கம்பத்தடி மாஸ்கோ

'நம்ம பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதுங்க அண்ணாச்சி' என்று தம்பிகள் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. வரலாற்று சார் போய்விட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்த ராத்திரிதான் உட்கார்ந்தேன். அந்தக் குழுவில் இன்றைக்கும் என் பெயர் 'மாஸ்கோ'. பிழைப்புக்கு நான் வந்து சேர்ந்தது மஸ்கட் என்பதில் பயல்களுக்கு இரட்டைச் சந்தோஷம்.

பத்தாவது பி பிரிவு, சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட். சாருக்கு உலக வரலாறே கயத்தாறில்தான் தொடங்கும். "கட்டபொம்மன தூக்குல போட்டது 1799 அக்டோபர் 16. சரியா 24 நாள், நவம்பர் 9, பாரிசுல நெப்போலியன் ஆட்சியப் புடிச்சிட்டான். 1804ல பேரரசன். பத்தே வருசத்துல நாற்காலி போச்சு. என்ன செஞ்சிருந்தா தப்பிச்சிருப்பான்?"

முதல் ஆளாக எழுந்தேன். "ரஷ்யா மீது படையெடுத்திருக்கக் கூடாது சார்."

"அது கைடு சொல்லுது. நீ என்னல சொல்லுத?"

என்னிடம் கைடைத் தவிர ஒன்றும் இல்லை.

வகுப்பு முழுவதையும் மைதானத்துக்குக் கிளப்பிவிட்டார். நான் நெப்போலியன், என்னோடு நாற்பத்திரண்டு பேர். புளியமரம்தான் ரஷ்ய எல்லையான நீமென் ஆறு. கொடிக்கம்பம் மாஸ்கோ. பசி, காய்ச்சல், குதிரைக்குத் தீனி இல்லை என்று சொல்லிக்கொண்டே சார் தோளில் தட்டுவார். தட்டு வாங்கியவன் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். கொடிக்கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது பத்துப் பேர். "செப்டம்பர் 14, மாஸ்கோ வந்தாச்சு. ஜார் மன்னனுக்கு லெட்டரும் போட்டாச்சு. இனிமே உன் பாடு" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

கூப்பிடுவார் என்று நின்றேன். கொடிக்கம்பத்தடியில் நிழல் கிடையாது, உங்களுக்குத் தெரியும். பத்துப் பேரும் ஒவ்வொருவனாகத் தண்ணித் தொட்டிப் பக்கம் நழுவினார்கள். மணி அடித்தது. அடுத்த வகுப்பு விளையாட வந்துவிட்டது. "ஜார் பதில் போட்டானாலே?" என்று மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல், அப்புறம் எல்லா ஜன்னலும் சிரித்தது. சார் வந்தபோது அழுதுகொண்டிருந்தேன். "அவனும் அஞ்சு வாரம் இப்படித்தான் நின்னான். கெளம்புன்னு யாரும் சொல்லமாட்டாவ" என்றார். அவ்வளவுதான். சமாதானமாக ஒரு வார்த்தை கிடையாது.

2006ல் அலுவலகப் பயிற்சி ஒன்றில், மினார் என்ற பிரெஞ்சுக்காரர் 1869ல் வரைந்த படத்தைக் காட்டினார்கள். நெப்போலியனின் படை ஒரு பட்டையாகப் போய் மெலிந்து திரும்புகிறது. புறப்பட்டது 4,22,000 பேர், மாஸ்கோவில் 1,00,000, திரும்பியது 10,000. நாற்பத்திரண்டு, பத்து, ஒன்று. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதை எந்தப் புத்தகத்தில் பார்த்தாரோ! திரும்பும் அந்த ஒருவனாக யாரை வைத்திருந்தார் என்று கேட்காமல் விட்டேன்.

மாஸ்கோ போகும் வழியில் ஸ்மொலென்ஸ்கிலேயே குளிர்காலத்தைக் கழித்திருக்கலாம், 1808ல் ஸ்பெயினில் அண்ணனை அரசனாக்காமல் இருந்திருக்கலாம் என்று நாங்கள் அப்புறம் நிறைய அளந்தோம். சார் ஒப்பவில்லை. லைப்சிக்கில் தோற்ற பிறகும், 1813 நவம்பரில் பிராங்பர்ட்டிலிருந்து எதிரி நாடுகள் சார்பில் சமாதானம் பேசி ஆள் வந்ததே. ரைன், ஆல்ப்ஸ், பிரனீஸ் எல்லைக்குள் இருந்துகொள் என்றார்களே. இவன் பிடிகொடுக்காமல் பதில் எழுதினான். சரி என்று இறங்கி வந்தபோது பேரம் மாறிவிட்டது. 1814 பிப்ரவரியில் 1792ஆம் வருஷத்து எல்லைதான் என்றார்கள். ஏப்ரலில் முடிதுறந்தான். "குடுக்கும்போது வாங்கிக்கிடணும்" என்பார் சார்.

எனக்கு இதில் இன்றுவரை உடன்பாடில்லை. பிறப்பால் அரசரானவர்கள் இருபது தடவை தோற்றாலும் தலைநகருக்குத் திரும்பலாம், என்னால் முடியாது என்று டிரெஸ்டனில் நெப்போலியன் தன்னிடம் சொன்னதாக ஆஸ்திரியாவின் அமைச்சர் மெட்டர்னிக் எழுதிவைத்திருக்கிறார். வெறுங்கையோடு ஊருக்குப் போக முடியாதவன் பேச்சு அது. மஸ்கட்டின் ரூவியில் எங்கள் அறையில் படுத்திருந்த எட்டுப் பேருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

நான் வந்தது இரண்டு வருஷ ஒப்பந்தத்தில். அப்பா இருந்தபோது, வண்ணாரப்பேட்டையில் ஒரு கடை தோதாக வந்திருக்கிறது, வாரியா என்று எழுதினார். ஒரு வருஷம் பொறுங்கள் என்று பதில் போட்டேன். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது.

சாரைக் கடைசியாகப் பெருமாள்புரம் வீட்டில் பார்த்தேன். காது மந்தம். பாலில்லாத காபியை டம்ளரில் ஆற்றிக்கொண்டே, "எப்ப ஊரோட வாரே?" என்றார்.

"அடுத்த வருஷம் சார்" என்றேன் சத்தமாக.

டம்ளரைக் கீழே வைத்தார். "ஜார் பதில் போட்டுட்டானா?"