நான்காம் வார்மரும் ஆறாம் வார்மரும்

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு வந்த, இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் பாட்டில் அது. நான்காம் வார்மரில் (குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் படுக்கை) இருந்த, பிறந்து ஒன்பதே நாளான குழந்தையுடையது. தட்டில் சளிபோல் வழுவழுத்த கிருமிக் காலனிகள், கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் தோய்த்த வட்டின் விளிம்புவரை கிருமி முளைத்திருந்தது; மருந்து அதைத் தடுக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஆறாம் வார்மர். இம்முறை ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியா. அதுவும் மெரோபெனெமுக்கு அடங்கவில்லை. தொற்றுக் கட்டுப்பாட்டுக் கூட்டத்தில், "இரண்டும் வேறு வேறு கிருமிகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவவில்லை" என்று சொன்னவள் நான்தான். ஒரே இனக் கிருமி இருவரிடமும் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கப் பழகிய கண்கள்.

முதுநிலை மாணவி ஒருத்திதான் தயங்கித் தயங்கி வந்தாள். "மேடம், இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்." எந்தெந்த மருந்துக்கு மசியவில்லை என்ற பட்டியல் வரிக்கு வரி ஒன்றாக இருந்தது. ஜீனைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தோம். இரண்டிலும், மெரோபெனெமைச் சிதைக்கும் நொதியை உருவாக்கும் என்.டி.எம். ஜீன்.

இந்தியாவில் சிகிச்சை பெற்றுச் சென்ற ஒருவரிடம் 2008-இல் ஸ்வீடனில் முதலில் கண்டறியப்பட்ட ஜீன் அது. 2010-இல் வெளியான ஆய்வு, சென்னை மாதிரிகளிலும் அது இருப்பதைக் காட்டியது. அப்போது புது டெல்லியின் பெயரை அதற்கு வைத்ததைப் (என்.டி. என்றால் நியூ டெல்லி) பற்றித்தான் நாங்கள் கொதித்தோம். அந்த ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் பயணம் செய்கிறது என்ற செய்திக்கல்லவா கொதித்திருக்க வேண்டும்! குரோமோசோமைச் சாராத சிறு டி.என்.ஏ. வளையம் அது. ஒரு கிருமி பக்கத்துக் கிருமியைத் தொட்டு, அந்த வளையத்தின் பிரதியொன்றைக் கொடுத்துவிடும். இனம் வேறாக இருந்தாலும் கொடுக்கும்.

அதைக் கண்ணால் பார்க்க விரும்பினோம். எங்கள் கிளெப்சியெல்லாவையும் ஜே53 என்ற ஆய்வக ஈ.கோலையையும் ஒரே குழாயில் 37 டிகிரியில் இரவு முழுவதும் வைத்தோம். ஜே53 சோடியம் அசைடைத் தாங்கும், மெரோபெனெமைத் தாங்காது. கிளெப்சியெல்லா அதற்கு நேர்மாறு. அசைடும் மெரோபெனெமும் சேர்த்த தட்டில், ஜீன் கைமாறாவிட்டால், எதுவும் முளைக்கக் கூடாது. மறுநாள் பதினேழு காலனிகள். நேற்றுவரை மெரோபெனெமுக்கு மடிந்த ஜே53, ஒரே இரவில் அதன் நடுவே வளர்ந்து நின்றது. மாணவி எண்ணி முடிக்கும்வரை நான் பேசவில்லை. பின்னர் வந்த மரபணு வரிசையும் இரு குழந்தைகளின் கிருமிகளிலும் ஒரே பிளாஸ்மிட் இருந்ததை உறுதிசெய்தது.

ஆறாம் வார்மர் குழந்தை வீட்டுக்குப் போனது. நான்காம் வார்மர் குழந்தை போகவில்லை. முதல் முடிவு வந்த அன்றே மற்றக் குழந்தைகளிடமும் கைகழுவும் தொட்டியிலும் மாதிரி எடுக்கச் சொல்லியிருக்கலாமே என்ற எண்ணம் என்னை விட்டுப் போவதில்லை.

இப்போது என் பதிவேட்டில் கிருமியின் பெயருக்கு முன்னால் ஜீனுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. நேற்று அதே ஜீனோடு என்டிரோபாக்டர் என்ற இன்னொரு கிருமி வந்தது, இரண்டாம் வார்மரிலிருந்து. அறிக்கையில் கையெழுத்திடுவதற்கு முன்பே வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்துவிட்டேன்.