ராட்டலின் பக்கக் கதவு

தென்னாப்பிரிக்காவின் நடுவில் இருக்கும் ப்ளூம்ஃபோன்டைனுக்கு மாற்றல் வந்திருக்கிறது என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்கே நம்மாளுங்க ராத்திரி தங்கலாமாடா?" என்பதுதான். அது 1997. தடை நீங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் அம்மாவின் தலைமுறைக்கு அந்தப் பயம் போகவில்லை. அந்த ஊர் இருக்கும் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர்கள் குடியேறக் கூடாது என்று 1891ல் போட்ட சட்டம் 1980களின் நடுப்பகுதி வரை இருந்தது. டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு லாரி ஓட்டிய என் மாமா, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அந்த மாகாணத்தைத் தாண்டிய பிறகுதான் வண்டியை ஓரங்கட்டுவார்.

அந்த ஊரில்தான் நான் 19 வருஷம் ராணுவத்தின் கவச வண்டிகளைப் பழுது பார்த்தேன்.

டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன் நான். டீசல் ஃபிட்டர் வேலை கற்றுக்கொண்டு தரைப்படையின் தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்தேன். தென்னாப்பிரிக்க ராணுவத்தில் மெக்கானிக்கை 'டிஃபி' என்பார்கள். சாதாரணச் சிப்பாய் 'ட்ரூப்பி'. டிஃபிக்கு வண்டி, ட்ரூப்பிக்குத் துப்பாக்கி. இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வது சாப்பாட்டு வரிசையில்தான். முதல் இரண்டு மூன்று வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். எஞ்சின் ஓடுகிறதா, கியர் விழுகிறதா, எண்ணெய் ஒழுகவில்லையா, சரி, வேலை முடிந்தது.

என் கையில் அதிகம் பழகியது ராட்டல். தேன்கூட்டைப் பிய்த்துத் தின்னும் ஒரு விலங்கின் பெயர் அது. உருவம் சின்னது, சிங்கத்தையே எதிர்த்து நிற்கும் என்பார்கள். 1970களில் இந்த நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய காலாட்படைச் சண்டை வண்டி. 6 சக்கரம், ஏறக்குறைய 18 டன் எடை, டரெட்டில், அதாவது மேலே சுழலும் கூண்டில், 20 மில்லிமீட்டர் பீரங்கி. இதே வண்டியில் 60 மில்லிமீட்டர் மோர்ட்டார் வைத்ததும் உண்டு, 90 மில்லிமீட்டர் பீரங்கி வைத்ததும் உண்டு. சங்கிலிப் பட்டை போடாமல் ரப்பர் டயர் போட்டதற்குக் காரணம் தூரம். ப்ரிட்டோரியாவிலிருந்து நமீபியாவின் வடக்கு எல்லை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். டாங்கியை அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போக முடியாது, டிரெய்லரில் ஏற்ற வேண்டும். ராட்டல் ஒருமுறை டீசல் நிரப்பினால் சாலையில் ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குத் தானே போகும். அதற்காகக் கவசத்தில் குறைத்துக்கொண்டார்கள். துப்பாக்கிக் குண்டையும் ஷெல் சிதறலையும் தாங்கும், டாங்கியின் குண்டைத் தாங்காது.

டிரைவர் முன்னால் நடுவில். அவருக்குப் பின்னால் டரெட். எஞ்சின் பின்பக்கம் இடது மூலையில். அதையொட்டி வலது பக்கம் ஒடுக்கமான ஒரு வழி, கடைசியில் ஒரு சின்னக் கதவு. ட்ரூப்பிகள் நடுக்கூடத்தில் முதுகோடு முதுகாக உட்கார்வார்கள், பக்கச் சுவரில் துப்பாக்கி நீட்டத் துளைகள் இருக்கும். இறங்குவதற்கு இரண்டு பக்கமும் பெரிய கதவு, காற்றழுத்தத்தில் இயங்குவது. எனக்கு அந்தக் கதவு அன்றைக்குச் சோதனைப் பட்டியலில் ஒரு வரி மட்டும்தான்.

லோஹாட்லாவில், நார்தர்ன் கேப்பின் சிவப்பு மண்ணில், ஒரு பெரிய பயிற்சி நடந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் ஒரு வண்டியின் காற்றுக் குழாய் இணைப்பில் ஊசிமுனை அளவு கசிவு இருந்ததைப் பார்த்தேன். சோப்பு நுரை தடவினால் மெல்லக் கொப்புளம் விட்டது. கம்ப்ரசர் ஈடுகட்டிவிடும் என்று நினைத்து, பட்டியலில் 'சரி' போட்டுவிட்டேன். அன்று மாலைக்குள் இன்னும் மூன்று வண்டி முடிக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கையெழுத்து என்னுடையது.

மறுநாள் அந்த வண்டி புதர் ஓரமாகப் போய் நின்றது. வலது கதவு திறந்தது. இடது கதவு ஒரு சாண் திறந்து அப்படியே நின்றுவிட்டது. இடது பக்கம் இருந்த பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வலது பக்கம் திரும்பினார்கள். இரண்டு பேர் மேல்மூடியைத் திறந்து கூரையேறிக் குதித்தார்கள். கூரையிலிருந்து தரை ஆளுயரத்துக்கு மேல். முதுகில் பையும் கையில் துப்பாக்கியுமாகக் குதித்த ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. பயிற்சி என்பதால் அதோடு போயிற்று.

அந்தப் பிரிவின் சார்ஜென்ட், ப்ளூம்ஃபோன்டைனுக்குக் கிழக்கே உள்ள தாபா நச்சு ஊர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திட்டப்போகிறார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை. "டிஃபி, வண்டி நின்றதும் நான் மனசுக்குள் எண்ணுவேன். பத்துக்குள் என் பிள்ளைகள் எல்லாரும் தரையில் படுத்திருக்க வேண்டும். இன்றைக்கு முப்பது வரை எண்ணினேன்" என்றார். அப்புறம், "நாளைக்கு நீயும் எங்களோடு உள்ளே வா" என்றார்.

போனேன். கதவை அடைத்ததும் முதலில் தெரிவது இருட்டு அல்ல, சத்தம். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் உறுமுகிறது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ஹெல்மெட் சுவரில் இடிக்கிறது. கண்ணெதிரே இருக்கும் கண்ணாடிக் கட்டை வழியாகத் தெரிவது புழுதியும் ஓடுகிற முள்மரமும்தான். எங்கே போகிறோம், எதிரி எந்தப் பக்கம், முன்னால் போன வண்டிக்கு என்ன ஆயிற்று, எதுவும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். வாந்தியை அடக்கிக்கொண்டு கதவின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் அப்படிப் போனோம். திடீரென்று பிரேக், ஒரு கூச்சல், காற்று சீறும் சத்தம், ஒரு சுவர் முழுக்க வெளிச்சம். அந்தப் பையன் போய்விட்டான். நான் இறங்குவதற்குள் அவன் இருபதடி தள்ளிப் படுத்து, தன் ஆர்4 துப்பாக்கியை நீட்டிக் குறிபார்த்துக்கொண்டிருந்தான்.

எஞ்சினும் பீரங்கியும் அவனை அந்த இடம் வரைக்கும் கொண்டுவருவதற்காகத்தான் இருக்கின்றன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு எந்தக் கவச வண்டியைப் பார்த்தாலும், இதிலிருந்து ஆள் எப்படி இறங்குவான் என்றுதான் முதலில் பார்ப்பேன். ஒவ்வொரு நாடும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் எம்113க்குப் பின்சுவரே சாய்ந்து இறங்கும் பலகை. எஞ்சினை முன்னால் வைத்ததால் அது முடிந்தது. சோவியத் பிஎம்பி-1க்கும் பின்பக்கக் கதவுகள்தான், ஆனால் இடம் போதாமல் அந்தக் கதவுகளுக்குள்ளேயே எரிபொருளை நிரப்பினார்கள். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிடிஆர்-60ல் எஞ்சின் பின்னால், அதனால் பின்கதவே கிடையாது, ஆட்கள் பெரும்பாலும் மேலேறித்தான் இறங்க வேண்டும். குண்டு பறக்கும் இடத்தில் ஒருவனைக் கூரையேறச் சொன்னால் என்ன ஆகும்? இஸ்ரேலின் மெர்க்காவா முழு டாங்கி, 1979ல் சேவைக்கு வந்தது. அதிலேகூட எஞ்சினை முன்னால் தள்ளி, பின்னால் கதவு வைத்தார்கள்.

ராட்டல் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. பக்கக் கதவு அகலமானது, வேகமாக இறங்கலாம். எதிரி ஒரு பக்கம் பதுங்கித் தாக்கினால் எதிர்ப்பக்கக் கதவால் வெளியேறலாம். ஆனால் முன்னாலிருந்து சுட்டால், பின்கதவில் இறங்குகிறவனுக்கு மொத்த வண்டியும் மறைப்பு. பக்கத்தில் இறங்குகிறவனுக்கு அது இல்லை. எனக்கு ராட்டலை ரொம்பப் பிடிக்கும். இருந்தாலும் என்னைக் கேட்டால் பின்கதவுதான் சரி என்பேன்.

டாங்கி வேலையும் செய்திருக்கிறேன். எங்கள் டாங்கியின் பெயர் ஒலிஃபான்ட், ஆஃப்ரிகான்ஸில் யானை. அடியில் இருப்பது 1945ல் பிறந்த பிரிட்டிஷ் செஞ்சூரியன். ஆயுதத் தடைக் காலத்தில் ஜோர்டானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பழைய செஞ்சூரியன்கள் சுற்றிவளைத்து இங்கே வந்து சேர்ந்தன. இனவெறி அரசோடு வியாபாரமே வேண்டாம் என்று 1946லேயே கையை உதறிய நாடு இந்தியா. அதன் பழைய இரும்பும் இங்கே வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்தார்கள். பீரங்கியை 105 மில்லிமீட்டராக்கினார்கள். செஞ்சூரியனின் குழல் 10 டிகிரி வரை கீழே தாழும். மேட்டுக்குப் பின்னால் உடம்பை மறைத்து டரெட்டை மட்டும் நீட்டிச் சுடுவதற்கு அது வேண்டும். அங்கோலாப் போரில் எதிரே வந்த சோவியத் டி-55 டாங்கி உயரம் குறைந்தது, குறி வைப்பது கடினம், ஆனால் அதன் குழல் இதில் பாதியளவுதான் தாழும்.

ப்ளூம்ஃபோன்டைனின் டெம்பே ராணுவத் தளத்தில் உள்ள கவசப்படை அருங்காட்சியகத்தில் ஒரு பழைய செஞ்சூரியனைச் சுற்றி வந்தபோது, பின்பக்கம் ஒரு சின்ன இரும்புப் பெட்டியைப் பார்த்தேன். ஏதோ சாமான் பெட்டி என்று நினைத்தேன். கூட வந்த கிழவர், பழைய டாங்கிக்காரர், "அது டெலிஃபோன்" என்றார். வெளியே நடந்து வரும் காலாட்படைக்காரன் அதை எடுத்து உள்ளே இருக்கும் கமாண்டரோடு பேசலாம். இடது பக்க வீட்டில் இருக்கிறார்கள், முன்னால் பள்ளம் இருக்கிறது, நகராதே என்று சொல்லலாம். மேல்மூடியை அடைத்த டாங்கி அரைக்குருடு. பெரிஸ்கோப்பில் தூரம் தெரியும், காலடியில் இருப்பது தெரியாது. தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி-7 ராக்கெட் பிடித்த ஒருவன் பக்கத்துப் புதரில் படுத்திருந்தால் அவனுக்கு அதுவே போதும். அந்தக் குண்டுக்குள் இருக்கும் கூம்புத் தகடு வெடிப்பில் ஈட்டியாக மாறி, 300 மில்லிமீட்டர் அளவுக்கு எஃகைத் துளைக்கும். 1994 டிசம்பர் 31ல் கிரோஸ்னி நகரத்துக்குள் ரஷ்யக் கவச வண்டிகள் வரிசையாகப் போனபோது, இறங்கி நடந்து சந்துகளைப் பார்க்கக் காலாட்கள் போதவில்லை. மாடியிலிருந்தும் நிலவறையிலிருந்தும் சுட்டே அந்தப் படையைச் சின்னாபின்னமாக்கிவிட்டார்கள்.

தாத்தா இதை எனக்கு வேறு விதமாகச் சொல்லியிருந்தார், அப்போது விளங்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் அவர் தென்னாப்பிரிக்கப் படையின் இந்தியன் அண்ட் மலாய் கோரில் லாரி டிரைவர், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில். தண்ணீர் பீப்பாயும் ஷெல்லும் ஏற்றிக்கொண்டு போர்முனைக்குப் போவார். துப்பாக்கி கொடுக்கவில்லை. வெள்ளையரல்லாதவன் கையில் ஆயுதம் கொடுக்கக் கூடாது என்பது அன்றைய அரசின் கொள்கை. "டாங்கி வருதுன்னா பசங்களுக்குத் தெம்பு வரும். அதே டாங்கி பக்கத்துல வந்து நின்னா பசங்க நகர்ந்துக்குவாங்க. எல்லா ஷெல்லும் அதைத் தேடித்தானே வரும்" என்பார். டாங்கிக்குக் காலாள் வேண்டும், காலாளுக்கு டாங்கி வேண்டும், ஆனால் ஒட்டி நிற்கவும் முடியாது. அவர் சொன்னதை நான் டெம்பேயில் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

இந்த வண்டிகளின் பெரிய சண்டைகள் அங்கோலாவில் நடந்தன. 1987 அக்டோபர் 3ல் லொம்பா ஆற்றங்கரையில் 90 மில்லிமீட்டர் ராட்டல்கள் புதருக்குள் வளைந்து வளைந்து போய், அங்கோலா அரசுப் படையின் டி-55 டாங்கிகளைப் பக்கவாட்டில் தாக்கின. கதவோரத் தகட்டின் கனம் எனக்குக் கைப்பழக்கம் என்பதால் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் வயிறு பிசையும். அடுத்த வருஷம் மார்ச் 23ல் க்வீட்டோ க்வானவாலேக்கு எதிரே தும்போவில் ஒலிஃபான்ட்கள் கண்ணிவெடி வயலுக்குள் சிக்கி நின்றன. மூன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். அந்தத் தாக்குதலில், எங்கள் ராணுவத்தோடு சேர்ந்து நின்ற அங்கோலாக் கிளர்ச்சிப் படையான யுனிட்டாவின் காலாட்கள் டாங்கிகளின் முதுகில் உட்கார்ந்து வந்தார்கள். அவர்களுக்குத் தகடும் இல்லை, கதவும் இல்லை. மேலே ஷெல் மழை.

அது தவறான போர். கட்டாயச் சேவைக்கு அழைத்தது வெள்ளைக்கார இளைஞர்களை மட்டும். ஆனால் அந்தப் போரைச் சுமந்ததும் அதில் செத்ததும் எல்லா நிறத்து ஏழைப் பிள்ளைகளும்தான். நான் பழுது பார்த்த ராட்டல்களில் சிலவற்றில் ஒட்டுப் போட்ட தகடுகள் இருந்தன. அது எந்த ஊரில் வாங்கிய அடி என்று யாருக்கும் தெரியாது. புது அரசு வந்தபிறகு அதே வண்டியில், அதே இருக்கையில், தாபா நச்சுப் பையனும் சோவேட்டோப் பையனும் உட்கார்ந்தார்கள். வடிவமைத்தவர்கள் அவர்களை நினைத்து அந்த இருக்கையைப் போடவில்லை. எனக்கு அவர்களைத் தவிர வேறு யாரும் நினைவில் இல்லை.

கடைசி வருஷங்களில் என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன்களில் ஒருவன் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்காரன். நம்ம பிள்ளை, "அங்கிள்" என்றுதான் கூப்பிடுவான். முதல் நாளே டரெட்டில் ஏறி பீரங்கியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அவனை நடுக்கூடத்தில் உட்காரவைத்து, இரண்டு கதவையும் அடைத்து, காற்றழுத்தத்தை வெளியேற்றிவிட்டேன். வெளியே நின்று மனசுக்குள் எண்ணினேன். உள்ளே தடவும் சத்தம், முட்டிக்கொள்ளும் சத்தம், அப்புறம் கைப்பிடியைக் கண்டுபிடித்துக் கதவைத் தோளால் தள்ளினான். இருபத்தாறு. சோப்பு நுரை டப்பாவை அவன் கையில் கொடுத்து, காற்றுக் குழாயின் முதல் இணைப்பு எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.