கஃபே தகூபாவை அவர்கள் ஊரிலேயே கேட்டேன்

மெக்சிகோ ராக் குழுவான கஃபே தகூபாவை ஹெட்போனில் மட்டும் கேட்டு ரசிக்கிற யாரைப் பார்த்தாலும் நான் இப்போது ஒன்றுதான் சொல்கிறேன். முடிந்தால் ஒருமுறை மெக்சிகோ சிட்டியிலேயே, அந்த ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் நின்று கேளுங்கள். வேறு நாட்டு மேடையில் பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை, ஆனால் அந்தப் பாட்டுகளின் பாதி கூட்டத்தின் கால்களில்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1989ல் மெக்சிகோ சிட்டியை ஒட்டிய சியுதாத் சதேலிதே என்ற புறநகர்ப் பகுதியில் தொடங்கிய நால்வர் குழு இது. ரூபென் அல்பர்ரான் பாடகர், ஹோசெலோ ராங்கேல் கிடார், அவர் தம்பி கீக்கே பேஸ், மேமே தெல் ரியால் கீபோர்டு. நகரத்தின் பழைய பகுதியில் 1912லிருந்து இருக்கிற ஓர் உணவகத்தின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். டிரம்மர் கிடையாது, பல வருடங்கள் டிரம் மெஷினை வைத்தே ஓட்டினார்கள். 1994ல் வந்த 'ரே' ஆல்பத்தில் இருபது பாட்டு, ஒன்று வடக்கு மெக்சிகோவின் நோர்தேன்யோ, அடுத்தது பங்க், அதற்கடுத்தது மெதுவான காதல் பாட்டான பொலேரோ என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் தாவும். முதலில் கேட்டபோது எனக்கு இது என்ன ஆல்பம், வானொலி ஸ்டேஷனை மாற்றிக்கொண்டே இருக்கிறார்களா என்றுதான் தோன்றியது. அப்புறம் அதை விட்டு வெளியே வர முடியவில்லை.

நான் பார்த்தது விவே லத்தீனோ விழாவில். 1998ல் தொடங்கிய விழா, லத்தீன் ராக் கேட்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பெயர் கிடையாது. இடம் ஃபோரோ சோல், கார் பந்தயத் திடலுக்குள்ளேயே இருக்கிற அரங்கம் (இப்போது புதுப்பித்து வேறு பெயர் வைத்துவிட்டார்கள், நான் போனது அதற்கு முன்). மெட்ரோவில் ஒன்பதாம் பாதை, ஐந்து பெசோ டிக்கெட், சியுதாத் தெபோர்திவா நிலையத்தில் இறங்கினால் பெட்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் உங்களோடு இறங்குவார்கள், வழி கேட்கவே வேண்டாம். வாசலில் பாதைநெடுக டீசர்ட் கடைகள். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இந்த ஊர் 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் இரண்டு பாட்டுக்குத் தொடர்ந்து குதித்தால் மூச்சு வாங்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மதியமே போய் வெயிலில் நிற்காதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரவு அவர்கள் மேடைக்கு வந்ததும் நான் ரூபெனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள், மனிதர் ஒரு இடத்தில் நிற்பதில்லை, அந்தக் குரலும் ஒரு மூக்கு வழிக் கீச்சல், வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் மூன்றாவது பாட்டிலிருந்து என் கண் மேடையை விட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான பேர் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள். வேகமான பாட்டு வந்தால் நடுவில் தானாக ஒரு வட்டம் திறந்து ஸ்லாம் ஆரம்பித்துவிடும், தோளோடு தோள் மோதிக்கொண்டு சுற்றுவார்கள், யாராவது விழுந்தால் நாலு கை உடனே தூக்கிவிடும். அது முடிந்த அடுத்த நிமிடம் அதே பையன்கள் அதே இடத்தில் ஜோடி சேர்ந்து கும்பியா ஆடுகிறார்கள். டொமினிக்கன் பாடகர் ஹுவான் லூயிஸ் கெர்ரா எழுதிய பாட்டு ஒன்றை இவர்கள் மெக்சிகோவின் வாஸ்தேக்கா வட்டாரத்து நாட்டுப்புற இசையாக மாற்றி 1996ல் பதிவு செய்தார்கள். அந்த வயலின் தொடங்கியதும் என் பக்கத்தில் நின்ற, அம்மா வயதிருக்கும் ஒரு பெண் கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிகாலும் முன்பாதமும் மாற்றி மாற்றித் தரையில் தட்ட ஆரம்பித்தார். இந்தக் காலடி ஆட்டத்துக்குப் பெயர் சப்பதேயாதோ. கீழே சிமெண்டுத் தரை, அவர் காலில் சாதாரணச் செருப்பு, ஆனாலும் ஸ்பீக்கரின் சத்தத்தைத் தாண்டி அந்தத் தாளம் எனக்குக் கேட்டது. மேடையில் டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாமலேயே இந்தக் குழு அத்தனை வருடம் எப்படி ஓடியது என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அவர் காலைப் பார்த்தபோது அந்தக் கேள்வி போய்விட்டது.

அப்புறம் அந்த நடனம். சிலி நாட்டு லோஸ் த்ரேஸ் குழுவின் ஒரு பாட்டை இவர்கள் 2002ல் எடுத்துப் பாடினார்கள். மேடையில் அதன் நடுவில் நால்வரும் வாத்தியத்தை விட்டுவிட்டு வரிசையாக நின்று ஒரே மாதிரி ஆடுவார்கள். வீடியோவில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனால் பின்னால் திரும்பிப் பார்த்தால் கடைசி வரிசை வரை அத்தனை பேரும் அதே அடியை அதே நொடியில் வைக்கிறார்கள், அது எந்த வீடியோவிலும் வராது. எனக்கு முன்னால் இருந்தவர் கையைப் பார்த்துப் பார்த்து நானும் பிடித்துக்கொண்டேன்.

அவர்களுடைய மிகப் பிரபலமான பாட்டுகளில் ஒன்று அன்று இல்லை, 'இங்ராதா'. காதலியைச் சுடுவேன் என்று முடிகிற பாட்டு அது. பெண்கள் கொல்லப்படுவது நின்றபாடில்லாத நாட்டில் இதை இனியும் கொண்டாட்டமாகப் பாடக் கூடாது என்று 2017ல் நிறுத்திவிட்டார்கள், பின்னர் வரிகளை மாற்றி கொலம்பியப் பாடகி ஆந்த்ரேயா எச்செவெர்ரியோடு பாடினார்கள். நோர்தேன்யோ துள்ளலுக்கு அதை அடித்துக்கொள்ள வேறு பாட்டு கிடையாது, கூட்டத்தில் அது ஒலித்தால் என்ன ஆகும் என்று எனக்கும் ஆசைதான். இருந்தாலும் அவர்கள் செய்ததுதான் சரி. தங்கள் கையிலிருக்கிற பெரிய ஹிட்டை இப்படித் தாங்களே எடுத்து வைக்கிற குழுக்கள் எத்தனை இருக்கும்?

மேமே பாடுகிற 'ஏரெஸ்' வந்தபோது அரங்கம் முழுக்கப் பாடியது, அழகாக இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, அது யாருக்கும் பிடிக்கிற பாட்டு. எனக்கு அதைவிட, சொற்களே இல்லாமல் 'பபருபப ஏ ஓ' என்று மட்டும் போகிற அந்தப் பழைய பாட்டின் பல்லவிதான் பிடித்தது. ஸ்பானிஷ் அரைகுறையாகத் தெரிந்த எனக்கும் ஒரு அட்சரம் பிசகாமல் கத்த முடிந்தது.

ஒரே ஒரு குறை. 1999ல் வந்த இரட்டை ஆல்பத்தில் ஒரு வட்டு முழுக்கப் பாட்டே கிடையாது, வாத்தியம் மட்டும்தான். அதிலிருந்து ஒன்றாவது வாசிப்பார்கள் என்று காத்திருந்தேன், வாசிக்கவில்லை. திறந்தவெளி விழாவுக்கு அது சரிப்படாது என்று விட்டிருக்கலாம். நான் அன்று பார்த்த கூட்டம் அதற்கும் ஒரு ஆட்டம் கண்டுபிடித்திருக்கும்.