வேலை தேடியது இரண்டு பேர்: கோவையிலிருந்து டொரன்டோவுக்குக் குடும்பத்தோடு

கனடாவுக்குப் பிள்ளைகளோடு வரலாமா, வந்தால் வேலை கிடைக்குமா என்று ஊரிலிருந்து யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் துண்டு துண்டாகச் சொல்வதை விட, நடந்ததை முழுசாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் கோயம்புத்தூர். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு வேலை, என் கணவர் பம்ப் கம்பெனியில் குவாலிட்டி. 2018 ஆகஸ்டில் மூன்றாவது படிக்கும் மகளையும், நான்கு வயதைத் தொடாத மகனையும் கூட்டிக்கொண்டு டொரன்டோவில் இறங்கினோம்.

குடும்பமாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போடுகிற கணக்கு, "அவருக்கு முதலில் வேலை கிடைக்கட்டும், அவள் அப்புறம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. இங்கே வாடகையும் மளிகையும் ஒரு சம்பளத்தில் ஓடுவது கஷ்டம், அதை விட முக்கியமாக, யாருக்கு எந்தக் கதவு முதலில் திறக்கும் என்பது ஊரில் உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயமே இல்லை. எங்கள் வீட்டில் தன் துறையில் முதலில் உட்கார்ந்தது நான்தான்.

கனடாவின் புள்ளி அடிப்படையிலான குடியேற்ற விண்ணப்ப முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியிலேயே இது தொடங்கிவிடுகிறது. கணவன் மனைவி இருவரில் யார் முதன்மை விண்ணப்பதாரர் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். இரண்டு விதமாகவும் புள்ளி போட்டுப் பார்த்தோம், என் பெயரில் போட்டபோதுதான் கூடுதலாக வந்தது, காரணம் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு. கேட்பதில் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கிவிட்டால் இவர்கள் கணக்கில் அது ஒன்பதாம் நிலை. அந்த நிலையைத் தொட்டால் மொழிக்கான புள்ளி மட்டுமல்ல, படிப்புக்கும் வெளிநாட்டு அனுபவத்துக்கும் சேர்த்துக் கிடைக்கும் புள்ளியும் எகிறும். எழுத்தில் 6.5 வாங்கிவிட்டுப் பரவாயில்லை என்று விடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது, அந்த அரைப் புள்ளிக்காக இன்னொரு முறை கட்டாயம் எழுதுங்கள். நாங்கள் விண்ணப்பித்தபோது 440 புள்ளியை ஒட்டி இருந்தாலே முழு விண்ணப்பம் போடச் சொல்லி அழைப்பு வந்துகொண்டிருந்தது. 2024-இல் பொது அழைப்புச் சுற்றுகளின் கட்-ஆஃப் 520-ஐத் தாண்டிவிட்டது, அதனால் இன்றைக்கு மாகாண நியமனத்தையும் (ஒரு மாகாணமே நம்மைத் தேர்ந்தெடுப்பது) பிரெஞ்சு மொழியையும் யோசிக்காமல் முடியாது.

அழைப்பு வந்த பிறகு எங்களுக்கு 90 நாள் கிடைத்தது, 2018 ஜூன் கடைசியிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை எல்லாம் பணம் கட்டினால் நடந்துவிடும். இழுத்தடிப்பது பழைய கம்பெனியின் அனுபவக் கடிதம். லெட்டர்ஹெட்டில் பதவி, சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை செய்தோம் என்பது வரை இருக்கணும், நம் ஊரில் யாரும் அப்படி எழுதித் தருவதில்லை. மாதிரி ஒன்றை நாமே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பதுதான் நடைமுறை. பணம் காட்டுவதும் அப்படித்தான், ஆறு மாத இருப்பு வங்கிக் கடிதத்தில் தெரியணும். நால்வர் குடும்பத்துக்கு 2025 ஜூலைக் கணக்குப்படி 28,362 டாலர்.

கிளம்பும் முன் செய்த இரண்டு காரியங்களுக்கு இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன். ஒன்று, நகைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, மதிப்புச் சான்றிதழோடு பட்டியல் போட்டது. டொரன்டோ விமான நிலையத்தில் இறங்கியதும் அதில் சுங்க அதிகாரியிடம் முத்திரை வாங்கினோம். பின்னால் கல்யாணம் காட்சிக்கு ஊருக்குப் போட்டுக்கொண்டு போய்த் திரும்பும்போது கேள்வி வராது. இன்னொன்று, என் கணவர் ஆர்டிஓ ஆபீஸில் நடையாய் நடந்து, எத்தனை வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறார் என்று கடிதம் வாங்கி வந்தது. இதன் அருமை இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

ஆகஸ்டில் வந்தது பிள்ளைகளுக்காக. செப்டம்பரில் பள்ளி திறக்கிறது. டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அந்தக் காலண்டர் வருடத்துக்குள் நான்கு வயது நிறைகிற குழந்தை, பிறந்தநாள் டிசம்பரில் வந்தாலும், ஜூனியர் கிண்டர்கார்டனில் சேரலாம். முழு நாள், இலவசம். தனியார் குழந்தைக் காப்பகத்துக்கு அன்று கேட்ட தொகை எங்கள் வாடகைக்குப் பக்கத்தில் வந்தது, மானியத்துக்கு நீண்ட காத்திருப்புப் பட்டியல். ஆக, மகன் கிண்டர்கார்டனில் சேர்ந்த அன்றைக்குத்தான் நான் வேலை தேடத் தொடங்க முடிந்தது.

ஆனால் பள்ளியில் சேர்க்க முகவரி வேண்டும், வீடு எடுக்க வேலைக் கடிதம் கேட்கிறார்கள், வேலைக்கு முகவரி வேண்டும். அடுக்குமாடிக் கட்டடங்களில் கிரெடிட் ஸ்கோர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் டொரன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டு பேஸ்மென்ட்தான் கிடைத்தது. முதல் மாதம், கடைசி மாதம் வாடகை இரண்டும் முன்பணம், வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த ஆன்டி சொன்னது இதுதான்: "வேலை வரும்தானே பிள்ளை. முதல் பிள்ளையளைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்திலை சேருங்கோ." அவர்களும் ஒரு காலத்தில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவர்கள். ஸ்கார்பரோவில் எங்களைப் போன்றவர்கள் இன்று கடையிலும் வங்கியிலும் தமிழ் பேசிக் காலூன்ற முடிகிறதென்றால், அது எண்பதுகளிலிருந்து போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழர்கள் போட்டு வைத்த பாதை. தமிழ்நாட்டிலிருந்து வருகிற நாம் இதை மறக்கவே கூடாது.

சரி, காகித வேலைகள். இறங்கிய வாரமே வேலைக்கும் வரிக்கும் தேவையான சின் நம்பர் என்ற அரசு எண்ணை வாங்கினோம், அது இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது. மாகாண அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் அட்டைக்கு அப்போது மூன்று மாதக் காத்திருப்பு, அதற்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுத்தோம். 2020 மார்ச்சில் கொரோனா சமயத்தில் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். பெரியவர்களின் பல் வைத்தியம் ஓஹிப்பில் வராது, ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். குழந்தைகளுக்கான உதவித்தொகைக்கு வந்தவுடனே விண்ணப்பியுங்கள், நிரந்தர வசிப்புரிமையோடு (பிஆர்) வருகிறவர்களுக்குக் காத்திருக்கும் காலம் கிடையாது. முந்தைய வருட உலக வருமானத்தை டாலரில் எழுதித் தரணும், நம் ஊர்ச் சம்பளம் இங்கே குறைந்த வருமானமாகத்தான் தெரியும். 2018 ஜூலையிலிருந்து ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வருடத்துக்கு 6,496 டாலர், அதற்கு மேல் 5,481 என்பது உச்சவரம்பு. இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து மாதம் ஆயிரம் டாலரை ஒட்டி வந்தது, அம்மா பெயரில். கனடாவில் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் பணம் என் கணக்கில் விழுந்தது. வாடகையில் பெரும்பங்கை அது தாங்கியது, அதனால்தான் கிடைத்த வேலையில் எல்லாம் பயந்துபோய் விழாமல் எங்களால் கொஞ்சம் யோசிக்க முடிந்தது.

என் கணவர் முதலில் ஏஜென்சி மூலம் ஒரு கிடங்கு வேலைக்குப் போனார். அப்போது ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14 டாலர். பச்சை முக்கோண முத்திரை போட்ட பாதுகாப்பு ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அது நம் கைக்காசு. நாங்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு, மாலை ஷிஃப்ட் மட்டும்தான் என்பது. காலையில் அவர் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலை தேடுவார், நேர்முகம் வந்தால் போவார், மாலையில் நான் பிள்ளைகளைக் கூட்டி வருவேன். பகல் ஷிஃப்டில் மாட்டிக்கொண்டு நேர்முகத்துக்கு லீவு கேட்க முடியாமல் வருடக்கணக்காகக் கிடங்கிலேயே நின்றுபோன பொறியாளர்கள் எத்தனையோ பேரை எங்களுக்குத் தெரியும். கிடங்கு வேலை கேவலம் இல்லை, அதில்தான் எங்கள் வீட்டில் சோறு வெந்தது. ஆனால் எந்த நேரத்தை அதற்கு விற்கிறோம் என்பதை நாம் தீர்மானிக்கணும்.

எனக்கு நூலகமும் ஏசிஸ் எம்ப்ளாய்மென்ட்டும் ரொம்ப உதவின. ஏசிஸ் புதிதாக வந்தவர்களுக்கு இலவசமாக வேலைப் பயிற்சி தரும் அமைப்பு, ஸ்கார்பரோவிலும் அலுவலகம் உண்டு. என் பயோடேட்டாவிலிருந்து புகைப்படம், பிறந்த தேதி, கணவர் பெயர், மதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விளம்பரத்துக்குத் தகுந்தபடி இரண்டே பக்கமாக மாற்றச் சொன்னார்கள். எல்லாம் மாற்றியும் நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. வந்த ஒன்றிரண்டு போன்களிலும் "கனடிய அனுபவம் இருக்கிறதா" என்ற ஒரே கேள்வி. ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே இந்த நிபந்தனையை முதல் பார்வையில் பாகுபாடு என்று கொள்கையாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் போனில் கேட்பவரிடம் அதைச் சொல்லி வேலை வாங்க முடியாது, எழுத்தில் கொடுக்காமல்தானே கேட்கிறார்கள்.

குளிர்காலம் நடுவில்தான் வரி முகாம் பற்றிக் கேள்விப்பட்டேன். குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக வருமான வரிப் படிவம் நிரப்பித் தரும் தன்னார்வத் திட்டம் ஒன்றை வருமான வரித்துறை ஊர்ச் சமூக அமைப்புகளோடு சேர்ந்து நடத்துகிறது. பயிற்சி அவர்களே தருகிறார்கள், போலீஸ் சரிபார்ப்பு வேண்டும், அவ்வளவுதான். மார்ச்சும் ஏப்ரலும் வாரயிறுதிகளில் அங்கே உட்கார்ந்தேன், ஏப்ரல் 30 கடைசித் தேதி என்பதால் கடைசி வாரங்களில் வரிசை வாசல் வரை நிற்கும். ஸ்கார்பரோ என்பதால் தமிழ் பேசும் ஆள் அவர்களுக்குத் தேவையாக இருந்தது. பென்ஷன் காகிதங்களை ஷாப்பிங் பையில் போட்டுக்கொண்டு வரும் அம்மாக்கள், வருடச் சம்பளத்துக்கு முதலாளி தரும் டி4 தாளை முதல் தடவை பார்க்கும் இளம் தம்பதிகள், வாடகை ரசீதுக்கு மாகாண அரசின் உதவி கிடைக்கும் என்றே தெரியாத மனிதர்கள். ஒரு பாட்டிக்குக் கோரப்படாமல் விட்டுப்போன வருடங்களைச் சேர்த்துத் தாக்கல் செய்தபோது அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தது என் சொந்தத் தொழில், அதை இந்த நாட்டின் தாள்களில் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் என்னவாக இருந்தேனோ அதுவாக உணர்ந்தேன்.

அந்த முகாம் பொறுப்பாளர் என் வேலைக்குச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார், இங்கே ரெஃபரன்ஸ் என்பது அப்படி ஒரு பெரிய விஷயம். கூட இருந்த இன்னொரு தன்னார்வலர் மூலம் டொரன்டோவை ஒட்டிய மார்க்கம் நகரப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் பில் கணக்கு பார்க்க ஆள் தேவை என்று தெரிந்தது. நேர்முகத்தில் "ஒரு சிக்கலான மாற்றத்தை எப்படிச் சமாளித்தீர்கள், ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். எனக்கு 2017 ஜூலை 1 கண்முன்னே வந்தது. ஜிஎஸ்டி அமலான அன்று முதல் எங்கள் ஆபீஸில் நாங்கள் பட்ட பாடு, வாட் கணக்கில் இருந்த வாடிக்கையாளர்களைப் புது முறைக்கு மாற்றியது, உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) பில் பில்லாகச் சரிபார்த்தது எல்லாம் சொன்னேன். ஒன்டாரியோவின் 13 சதவீத விற்பனை வரியான எச்எஸ்டியும் அதே உள்ளீட்டு வரி வரவில்தான் ஓடுகிறது. நான் சொல்லச் சொல்ல எதிரே இருந்த அம்மாள் குறிப்பெடுக்கத் தொடங்கினார். அந்த வேலை கிடைத்தது. அதனால் கணக்குத் துறையில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், ஜிஎஸ்டி அனுபவத்தை இந்திய விஷயம் என்று பயோடேட்டாவின் அடியில் ஒளித்து வைக்காதீர்கள்.

என் சம்பளம் வரத் தொடங்கியதும் என் கணவர் ஏஜென்சி ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டு முழு மூச்சாகத் தேடினார். புதிதாகக் குடியேறியவர்களுக்கு வேலை தேட உதவும் ட்ரியெக் அமைப்பின் வழிகாட்டித் திட்டத்தில் அவர் துறையிலேயே இருந்த ஒருவரோடு இணைத்துவிட்டார்கள். அந்த வழிகாட்டி சொன்ன யோசனை, பயோடேட்டாவில் மேலே கொட்டை எழுத்தில் இருந்த "மேனேஜர்" பதவியைக் கீழே இறக்கி, பாகங்களைத் துல்லியமாக அளக்கும் சிஎம்எம் இயந்திரத்தை இயக்குவது, அளவுக் கருவிகளைக் காலிபரேட் செய்வது, ஐஎஸ்ஓ 9001 தரத் தணிக்கை இதையெல்லாம் மேலே ஏற்றச் சொன்னது. அதற்குப் பிறகுதான் அழைப்புகள் வந்தன. ஆனால் தொழிற்சாலைகள் இருக்கும் இடங்களில் காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் பஸ் கிடையாது, "கார் இருக்கிறதா" என்பது அங்கே முதல் கேள்வி. அங்கேதான் அந்த ஆர்டிஓ கடிதம் கைகொடுத்தது. எழுத்துத் தேர்வு முடிந்த கையோடு, இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் என்பதற்கு அந்தச் சான்று இருந்ததால், இடைப்பட்ட நிலைகளைத் தாண்டி, நேராக முழு லைசென்ஸுக்கான ஜி ரோடு டெஸ்டுக்குப் போக முடிந்தது. பழைய டொயோட்டா ஒன்று வாங்கினோம், ஸ்கார்பரோ முகவரிக்கு இன்சூரன்ஸ் சொன்ன விலை வயிற்றைக் கலக்கியது. அந்த இலையுதிர் காலத்தில் டொரன்டோவுக்கு வடக்கே வான் (Vaughan) நகரப் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி டெக்னீஷியனாகச் சேர்ந்தார்.

பொறியாளர் என்று பதவி போட்டுக்கொள்ள இங்கே பிஇஓ என்ற ஒன்டாரியோ பொறியாளர் அமைப்பின் உரிமம் வேண்டும். அதற்கு ஒரு வருடக் கனடிய அனுபவம் கட்டாயம் என்றிருந்த விதியை 2023 மே மாதம் நீக்கிவிட்டார்கள். இப்போது வருகிற பொறியாளர்கள் ஊரிலிருக்கும்போதே கல்விச் சான்றுகளையும், வேலை விவரத்தை உறுதி செய்யக்கூடிய பழைய மேலதிகாரிகளின் மின்னஞ்சலையும் சேர்த்துக்கொண்டு வாருங்கள். கம்பெனி மின்னஞ்சலே போதும் என்று விடாமல் அவர்களின் சொந்த மின்னஞ்சலையும் வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களும் ஒரு நாள் ஓய்வு பெற்றுப் போய்விடுவார்கள்.