மகளை ஹாஸ்டலில் விடலாமா?

மகளுக்கு 17 முடியப்போகிறது. கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, ஆனால் வீட்டிலிருந்து ஒரு பக்கம் போகவே ஒன்றே முக்கால் மணி நேரம். விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். வெளியே விட்டால்தான் பிள்ளை உருப்படும் என்கிறார்கள் பாதிப் பேர், விட்டால் கைமீறிப் போகும் என்கிறார்கள் மீதிப் பேர், அவள் எப்படிப்பட்ட பிள்ளை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எங்கள் யோசனை நேரக் கணக்கில்தான் ஆரம்பித்தது. தினமும் மூன்றரை மணி நேரம் பயணத்திலேயே போனால் அது எதிலிருந்து குறையும்? நிச்சயம் போனிலிருந்து குறையாது, தூக்கத்திலிருந்துதான். பதின்வயதில் தூக்கம் வரவைக்கும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பதே இரவில் தள்ளிப்போகிறது, அதனால் "சீக்கிரம் படு" என்று அதட்டுவதில் பெரிய பலன் இல்லை. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்ன அளவு. (ஹாஸ்டலில் மட்டும் தூங்கிவிடுவார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நள்ளிரவில் லைட்டைப் போட்டுக்கொண்டு பேசும் அறைத்தோழி வாய்த்தால் அந்தக் கணக்கும் போச்சு.)

கல்வி ஆய்வாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1970-களில் அமெரிக்க மாணவர்களைப் பற்றிச் செய்த ஆய்வுகளில், விடுதியில் தங்குகிறவர்கள் படிப்பைப் பாதியில் விடுவது குறைவு என்று தெரிந்தது. இதைப் பிடித்துக்கொண்டு முடிவெடுக்க எனக்கு மனமில்லை. விடுதிக்குப் பணம் கட்ட முடிகிற வீட்டுப் பிள்ளைக்கு வேறு பல வசதிகளும் இருக்கும், வீட்டிலிருந்து வருகிறவர்களில் பலர் வேலைக்கும் போய்க்கொண்டு படிப்பவர்கள். எது எதனால் என்று பிரிப்பது சுலபமில்லை.

அப்புறம் எல்லோரும் கேட்பது, துணி துவைக்கத் தெரியுமா, காலையில் தானாக எழுவாளா. இதெல்லாம் அங்கே போன பத்தாவது நாளில் தானாக வந்துவிடும், வராவிட்டாலும் குடி முழுகிவிடாது. நான் பார்ப்பது வேறு. ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால், பணத்தைத் தொலைத்தால், ஒருத்தர் நடந்துகொள்வது சரியில்லை என்று பட்டால், அதை எங்களிடமோ வேறு யாரிடமோ எத்தனை நாளில் சொல்கிறாள்? வீட்டிலேயே வாரக்கணக்கில் மறைக்கிற பிள்ளையை தூரத்தில் விட்டால், நமக்குத் தெரிய வருவதற்குள் ஒரு பருவமே போய்விடும். அவள் சொல்லிவிடுவாள், கொஞ்சம் அழுதாலும் அன்றைக்கே சொல்லிவிடுவாள். இதில் பெற்றோருக்கும் பங்கு இருக்கிறது: கெட்ட செய்தியைக் கேட்டதும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற வீட்டில் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? என் கணவர் குதிப்பார். அவரிடம் பேசியிருக்கிறேன்.

வீட்டு ஏக்கம் வராமல் இருக்காது. முதல் சில வாரங்கள்தான் ரொம்பப் படுத்தும், பெரும்பாலானவர்களுக்குப் பிறகு மெல்லக் குறைந்துவிடும். குறையாமல், சாப்பாடு இறங்காமல், வகுப்புக்கே போகாமல் அறையில் முடங்கினால் அதைப் "பழகிடும்" என்று தள்ளக் கூடாது. உடம்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று. நெருக்கமாகத் தங்கும் முதலாண்டு மாணவர்களுக்கு மெனிங்கோகாக்கல் என்ற மூளைக்காய்ச்சல் வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, சேருவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கடைசியில் எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே கேள்வி: பிடிக்காவிட்டால் திரும்பி வர வழி இருக்கிறதா? விடுதிப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை உட்கார்ந்து படித்தேன். நடுவில் காலி செய்தால் அந்தப் பருவத்துக் கட்டணம் திரும்ப வராது, ஆனால் அடுத்த பருவத்துக்குக் கட்டாயமில்லை. அந்த நஷ்டத்தைத் தாங்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் பேசினோம்.

போகிறாள். ஒரு பருவத்துக்கு மட்டும் பணம் கட்டியிருக்கிறோம். தினமும் போன் செய்யத் தேவையில்லை, ஆனால் நான் அனுப்பும் மெசேஜுக்கு அன்றைக்குள் ஒரு "ம்" ஆவது வர வேண்டும் என்று பேச்சு. பருவ விடுமுறைக்கு வரும்போது, தொடர்வதா வேண்டாமா என்று முதலில் அவள்தான் சொல்ல வேண்டும்.