என்னைத் தெரியுதா

டிசம்பர் 20
சித்தி குடும்பம் நாளை மறுநாள் வருகிறது. அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து. அம்மாவிடம் இன்று சொன்னேன், சந்தோஷப்பட்டாள். அல்சைமர் என்னும் மறதி நோய், சற்று நேரத்தில் மறந்துவிட்டாள். மறுபடி சொன்னேன், மறுபடியும் அதே சந்தோஷம்.

டிசம்பர் 21
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். "அம்மாவைப் பார்த்ததும் 'என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லுங்க பாப்போம்' என்று கேட்காதீர்கள். நீங்களே பெயரையும் உறவையும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்."

பெரியவர்களுக்கு இப்படி எழுதலாமா என்று காலையிலிருந்து தயக்கம். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் அம்மா சிரிக்கும் சிரிப்பை அவர்கள் பார்த்ததில்லை. பதில் தெரியாமல், தெரியவில்லை என்று சொல்லவும் கூசி, எல்லோரையும் பார்த்து ஒரு சிரிப்பு. கேட்டவர் போன பிறகும் அந்தப் பதற்றம் போவதில்லை. யார் வந்தார்கள் என்பது மறந்துவிடும், கலக்கம் மட்டும் தங்கிவிடும்.

மாமா கட்டைவிரல் போட்டார். மற்றவர்களிடமிருந்து ஒன்றும் இல்லை.

டிசம்பர் 22
கேட்டுவிட்டார்கள். வாசலிலேயே.

டிசம்பர் 23
வீடு நிறைந்துவிட்டது. ஹால் முழுக்கப் படுக்கை, பிள்ளைகளின் கூச்சல். எத்தனை வருடத்துக்கு அப்புறம் இந்தச் சத்தம்! எனக்கு வேண்டியிருந்தது.

அம்மாவின் அறையில் மட்டும் யாரும் பெட்டி வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கட்டில், நாற்காலி, தண்ணீர்ச் சொம்பு எல்லாம் இருந்த இடத்திலேயே. இரவில் பாத்ரூம் விளக்கு அணையக் கூடாது.

சாயங்காலம் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "வீட்டுக்குப் போகணும், பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்திருப்பாங்க." பொழுது சாயும்போது இந்த நோயில் குழப்பம் கூடும். மூளைக்குள் இருக்கும் பகல் இரவுக் கடிகாரமே பழுதாகிவிடுகிறது, அதோடு நாள் முழுக்கச் சேர்ந்த அசதியும். அண்ணன், "இதுதாம்மா உன் வீடு" என்று வாதாடினான். அவள் இன்னும் பதறினாள். நான் செருப்பை எடுத்துக் கொடுத்து, "வாம்மா, போகலாம்" என்றேன். தெரு முனை வரை நடந்து திரும்பினோம். "வந்தாச்சு" என்றாள், நிம்மதியாக.

டிசம்பர் 24
தம்பி வந்தான். அம்மா அவனைப் பெரிய மாமாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெரிய மாமா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்து போய்விட்டான்.

ராத்திரி மொட்டை மாடியில் அவனோடு பேசினேன். மூளையில் புது நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி முதலிலேயே கெட்டுவிடுகிறது, அதனால் பழைய நாட்கள்தான் அவளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவளுடைய கடைசிப் பிள்ளை இன்னமும் பள்ளிக்கூடப் பையன். நரைத்த தாடியோடு நிற்கும் இந்த ஆளை அவள் எங்கே வைப்பாள்? தன் அண்ணனின் இடத்தில் வைத்தாள். அவளுக்கு அதைவிடப் பெரிய இடம் கிடையாது. அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் கீழே போய் அவள் காலடியில் உட்கார்ந்தான்.

டிசம்பர் 25
நல்ல நாள். சித்தி காய்ந்த துணிகளை மொத்தமாக அம்மா மடியில் போட்டாள். அத்தனை பேர் துணி! அம்மா மடித்துக்கொண்டே இருந்தாள். ஓரம் ஓரத்தோடு சேர, சட்டைக் காலர் நிமிர. கை பழகிய வேலை மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, அதை நோய் இன்னும் தொடவில்லை. அண்ணன் மகள் போய், "பாட்டி, நான் உங்க பேத்தி, எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள். தானாகவே சொன்னாள்! கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன்.

டிசம்பர் 26
யாரும் தூங்கவில்லை.

டிசம்பர் 27
பகலெல்லாம் கண் சொருகிக் கிடந்தாள். இரவில் சுவரில் பூச்சி பூச்சி என்று காற்றைப் பிடித்து இழுத்தாள். "முத்திப்போச்சு, இனி இப்படித்தான்" என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த நோய் மெதுவாகத்தான் முற்றும். ஒரே நாளில் ஆளே மாறினால் வேறு காரணம் இருக்கிறது: தொற்று, தண்ணீர் குறைவு, மலச்சிக்கல், புது மருந்து. டாக்டரும் அதையேதான் கேட்டார், புதிதாக மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று.

மூக்கு ஒழுகுகிறதே என்று யாரோ சளி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் வரவைக்கும் பழைய ரகம். அது மூளையில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கிறது. அம்மா தினமும் போடும் மறதி நோய் மாத்திரை டோனெபெசில் அந்த அசிட்டைல்கோலின் குறையாமல் காப்பதற்காக. அன்பில்தான் கொடுத்திருக்கிறார்கள், தெரியும். ஆனாலும் கை நடுங்குகிறது எனக்கு.

டிசம்பர் 28
மாத்திரை நிறுத்தியாயிற்று. சிறுநீர்ப் பரிசோதனைக்கும் கொடுத்திருக்கிறேன். தம்பி தன் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டான்.

டிசம்பர் 29
எழுந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்றாள்.

டிசம்பர் 30
தொற்று இல்லை. பெரியப்பா வீட்டார் நாளைக் காலை வருகிறார்கள். மருந்துகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினேன், சாவி என் இடுப்பில். தம்பி வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் முதலில் தானே பேசிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.