350 கமாரோ: பிக்கப் குறையாமல் மைலேஜ் ஏற்றுவது

1969 செவர்லே கமாரோ. 350 கியூபிக் இன்ச் வி-8, டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்னால் 3.73 ஆக்ஸில் (சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.73 முறை சுற்றும்). இந்தக் கூட்டணி நெடுஞ்சாலையில் கேலனுக்கு 12, 13 மைல் கொடுத்தாலே பெரிது. லிட்டர் கணக்கில் ஐந்து, ஐந்தரை கிலோமீட்டர். மசில் கார் என்றால் குடிக்கத்தான் செய்யும் என்று பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதே எஞ்சினிடம் 17, 18 மைல் வாங்கலாம், பிக்கப்பில் கை வைக்காமலே.

மணிக்கு 70 மைல் வேகத்தில் சமதளச் சாலையில் இந்த வண்டியைத் தள்ள 30 குதிரைத்திறன் அளவுக்குத்தான் வேண்டும். எஞ்சினுக்குக் கம்பெனி சொன்ன கணக்கு 300. டேங்க் காலியாவது அந்த 30-ஐ எடுக்கும் நேரத்தில்தான். ஆக்ஸிலரேட்டர் தரையைத் தொடுவது ஒரு பயணத்தில் சில நொடிகள். ஆகவே லேசான மிதியில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதைத் திருத்தினால் போதும். முழு மிதிக்கான செட்டிங்கைத் தொடவே வேண்டியதில்லை. 1964-இல் போன்டியாக் ஜி.டி.ஓ. வந்ததிலிருந்து ஓடும் கார்புரேட்டர் வி-8 எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

டூல் பாக்ஸைத் திறப்பதற்கு முன் நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பழைய பிரேக் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கினால், மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டதும் திரும்பாது. பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அங்கேதான் பெட்ரோல் போகிறது. எஞ்சின் சூடாகக் கூடாதென்று 160 டிகிரி ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட் போட்டிருந்தால் கழற்றிவிட்டு 180 அல்லது 195 போடுங்கள். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, தேய்மானமும் கூடும்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர், பிளக்குகளுக்கு நேரம் பார்த்துப் பொறி அனுப்பும் பாகம். இங்கே செலவு கிட்டத்தட்ட இல்லை, பலன் நிறைய. முழு மிதியில் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நெருக்கமாக அடைந்திருக்கும், சட்டென்று எரியும். பழைய இரும்பு ஹெட் உள்ள 350-க்கு அப்போது 34 முதல் 36 டிகிரி டைமிங் போதும், அதாவது பிஸ்டன் உச்சியைத் தொட கிராங்க் இன்னும் அவ்வளவு டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போதே பொறி விழும். லேசான மிதியில் கலவை மெலிந்து அழுத்தமும் குறைவதால் எரிய நேரம் பிடிக்கும். அதற்கு 46 முதல் 52 டிகிரி வரை முன்னதாகவே பொறி விழ வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேக்வம் அட்வான்ஸ் டப்பா; எஞ்சினின் உறிஞ்சல் (வேக்வம்) ஒரு ஹோஸ் வழியாக அதை இயக்கும். ரேஸ் வண்டிக்கு இது தேவையில்லை, அது எப்போதும் முழு மிதியில் ஓடுவது. அதைப் பார்த்துத் தெரு வண்டியிலும் ஹோஸைப் பிடுங்கி அடைத்துவிட்டார்கள். விளைவு, பெட்ரோல் எரிந்து முடியாமலே எக்ஸாஸ்டுக்குள் போகிறது. ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்) தகிக்கும், டெம்பரேச்சர் முள் ஏறும், மைலேஜ் படுக்கும்.

செட் செய்யும் முறை இது. முதலில் கிராங்க் முனையில் உள்ள பேலன்சர் சக்கரத்தின் டி.டி.சி. (பிஸ்டன் உச்சிப் புள்ளி) கோட்டை நம்ப வேண்டாம். பேலன்சரின் வெளி வளையம் ரப்பரில்தான் ஒட்டியிருக்கிறது. ஐம்பது வருடப் பழைய ரப்பர் நழுவியிருக்கும். பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பர் போட்டு இரு பக்கமும் சுற்றி, நடுப்புள்ளியை எடுங்கள். அதிலிருந்து 36 டிகிரியை அளந்து குறியுங்கள்: 8 அங்குல பேலன்சரில் விளிம்போடு சுமார் 2.5 அங்குலம், 6.75 அங்குல பேலன்சரில் 2.1. வேக்வம் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு 3000 ஆர்.பி.எம். வரை ஏற்றி, குறி டைமிங் லைட்டில் பூஜ்யத்துக்கு வரும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பூட்டுங்கள். இன்னும் ஏற்றினாலும் குறி நகரக் கூடாது. நகர்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப டைமிங்கை ஏற்றும் வெயிட்டின் ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது, லேசானதை மாற்ற வேண்டும். ஸ்லோ ஸ்பீடில் இறக்கிப் பார்த்தால் 10 முதல் 14 டிகிரி நிற்க வேண்டும். பிறகு ஹோஸை மாட்டுங்கள். டப்பா இன்னும் 10 முதல் 15 டிகிரி சேர்க்கும்.

லேசான மிதியில் மட்டும் வண்டி விட்டுவிட்டு இழுத்தாலோ, கிணுகிணுவென்று நாக்கிங் கேட்டாலோ டப்பாவின் அளவைக் குறையுங்கள். அட்ஜஸ்டபிள் டப்பா என்றால் ஹோஸ் மாட்டும் குழாய்க்குள் ஆலன் கீ விட்டுத் திருப்பலாம். இதற்காக மொத்த டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தால் பிக்கப்பும் போகும், மைலேஜும் போகும். ஹோஸை மேனிஃபோல்டில் மாட்டுவதா, கார்புரேட்டரின் போர்ட்டில் மாட்டுவதா என்ற சண்டைக்கு முடிவே இல்லை. ஓடும்போது இரண்டிலும் ஒரே வேக்வம்தான். வித்தியாசம் ஸ்லோ ஸ்பீடில் மட்டும்.

கார்புரேட்டருக்கு வருவோம். 350 இன்ச் எஞ்சின் 5500 ஆர்.பி.எம்.-இல் இழுக்கும் காற்று, கணக்குப்படி முழுதாக நிரம்பினாலும் 557 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). தெரு எஞ்சின் அவ்வளவு நிரம்பாது. 600 தாராளம். 750 டபுள் பம்பர் ரேஸ் கார்புரேட்டர் பானட்டைத் திறந்து காட்ட நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பழைய ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் 750 என்றாலும் விதிவிலக்கு. அதன் முன் இரண்டு வாய் 1⅜ அங்குலம், பின் இரண்டு 2¼ அங்குலம். சிறிய வாயில் காற்று வேகமாகப் பாய்வதால் பெட்ரோல் நன்றாகத் தூளாகும். பின்வாய்க்கு மேல் உள்ள ஏர் வால்வு எஞ்சின் கேட்ட அளவுக்கே திறக்கும். இதைக் கழற்றி எறிந்துவிட்டு ரேஸ் கார்புரேட்டர் வைப்பதுதான் இந்த வண்டிகளுக்கு நடக்கும் பெரிய அநியாயம்.

குவாட்ராஜெட்டில் வீணாவது எங்கே என்று தெரிந்து பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் நுரை மிதவை காலப்போக்கில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். மிதவை தாழ, பெட்ரோல் மட்டம் ஏற, கலவை எப்போதும் கனமாகவே இருக்கும். புதிதோடு எடை போட்டுப் பாருங்கள், அல்லது பித்தளை மிதவை போடுங்கள். அடியில் உள்ள வெல் பிளக் கசிந்தால் நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் இறங்கிவிடும்; காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். சுத்தம் செய்து எபாக்சி பூச வேண்டும். த்ராட்டில் ஷாஃப்ட் ஓட்டை தேய்ந்திருந்தால் அங்கே காற்று எடுக்கும். புஷ் அடிக்காமல் எந்த ட்யூனிங்கும் நிற்காது.

இவை சரியான பிறகு ஜெட், பெட்ரோலை அளந்துவிடும் துளை. எக்ஸாஸ்டில் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் பொருத்துங்கள். பிளக் நிறத்தைப் பார்த்துச் சொல்வதெல்லாம் இன்றைய பெட்ரோலில் எடுபடாது. ஹெடர் கேஸ்கெட் லீக் இருந்தால் சென்சார் வெளிக்காற்றைப் பார்த்துக் கலவை மெலிந்ததாகப் பொய் சொல்லும், அதை முதலில் அடையுங்கள். மீட்டர் காட்டுவது எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பது; சீரான ஓட்டத்தில் 14.5 முதல் 15.5, முழு மிதியில் 12.5 முதல் 13 வர வேண்டும்.

குவாட்ராஜெட்டின் முன் ஜெட்டுக்குள் கூம்பான ஊசி ஒன்று தொங்கும். வேக்வம் இருக்கும்வரை தடித்த பகுதி ஜெட்டுக்குள் நிற்கும். மிதித்து வேக்வம் விழுந்ததும் பவர் பிஸ்டன் ஊசியைத் தூக்க, மெல்லிய முனை வந்து பெட்ரோல் கூடும். 71 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஜெட்டில் 44 தவ் ஊசி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 ஊசி போட்டால் பெட்ரோல் போகும் இடைவெளி 3 சதவீதம் குறையும், 46 போட்டால் கிட்டத்தட்ட 6. முனையின் தடிமன் பெரும்பாலான ஊசிகளில் ஒன்றுதான் என்பதால் முழு மிதிக் கலவை அப்படியே இருக்கும். ஜெட்டை மாற்றினால் இரண்டுமே மாறும். எனவே முழு மிதிக்கு ஜெட், ஓட்டத்துக்கு ஊசி. ஹோலி கார்புரேட்டரில் இந்த வேலை பவர் வால்வுடையது. ஆட்டோமேட்டிக்கில் டிரைவில் போட்டு நிறுத்தி வேக்வம் அளந்து, அதில் பாதி எண்ணுள்ள வால்வை எடுப்பது வழக்கம்.

மிச்சமிருக்கும் மைலேஜ் கியரில். 26 அங்குல டயர், 3.73 ஆக்ஸில், நேர் மூன்றாம் கியர் என்றால் 70 மைல் வேகத்தில் எஞ்சின் 3370 ஆர்.பி.எம். சுற்றுகிறது. 3.08 ஆக்ஸிலுக்கு மாற்றினால் 2790-க்கு இறங்கும், ஆனால் சிக்னலில் கிளம்பும் வேகம் செத்துவிடும். கியர்பாக்ஸை மாற்றினால் இந்த இழுபறியே இல்லை. டர்போ 350-இன் முதல் கியர் 2.52. 1982-இல் கார்வெட்டில் வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக் 700ஆர்4-இன் முதல் கியர் 3.06, நான்காவது 0.70. 2.52-ஐ 3.73-ஆல் பெருக்கினால் 9.40. 3.06-ஐ 3.08-ஆல் பெருக்கினால் 9.42. கிளம்பும் இழுவை அதேதான், ஆனால் 70 மைலில் எஞ்சின் 1950-இல் சுற்றும். பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சினுக்கு 1950 தாழ்வு, திணறும். 3.42 ஆக்ஸில் போட்டால் கிளம்பும்போது 10.5, ஓட்டத்தில் 2170. இரண்டு பக்கமும் லாபம். பொதுவாக இதைத்தான் பரிந்துரைப்பேன்.

700ஆர்4 சுமார் 3 அங்குலம் நீளம். குட்டை வாலுள்ள டர்போ 350-இன் இடத்தில் வைக்க, கிராஸ்மெம்பரைப் பின்னுக்குத் தள்ளி டிரைவ் ஷாஃப்டை அந்த அளவுக்கு வெட்ட வேண்டும். 27 ஸ்ப்லைன் யோக் அப்படியே உட்காரும். இந்தப் பெட்டி சாவது பெரும்பாலும் கார்புரேட்டரிலிருந்து வரும் டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிளால். உள்ளே அழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்தக் கேபிள்தான். கிக்டவுன் கேபிள் என்று நினைத்துத் தளர்வாக மாட்டினால் கிளட்ச் வழுக்கிக் கொஞ்ச தூரத்திலேயே எரிந்துவிடும். கார்புரேட்டரை முழுதாகத் திறந்தபோது கேபிள் முழுதாக இழுபட்டிருக்க வேண்டும். அதற்கான சரியான பிராக்கெட் வாங்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள். ஓட்டத்தில் டார்க் கன்வர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்கப் ஒயரையும் இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே ஓடும், ஆயில் கொதிக்கும், வந்த மைலேஜில் ஒரு பகுதி அங்கே போகும்.

எஞ்சினைப் பிரிப்பதாக இருந்தால் மட்டும் இது. கேம் வால்வைத் திறந்து வைக்கும் அளவு 0.050 அங்குலத் தூக்கலில் 204 முதல் 214 டிகிரிக்குள் இருக்கட்டும், டூயல் பிளேன் மேனிஃபோல்டு போடுங்கள். 1996-இலிருந்து வந்த வோர்டெக் இரும்பு ஹெட் இந்த வேலைக்கு அருமை. 64 சி.சி. சேம்பரில் வேகமாக எரியும், 32 டிகிரி டைமிங்கே போதும். ஆனால் அதற்கு 8 போல்ட் மேனிஃபோல்டு தனியாக வாங்க வேண்டும். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி 40 தவ் அருகில் வரும்படி கேஸ்கெட் தேர்ந்தெடுங்கள். இடைவெளி அதிகமானால் நாக்கிங் வரும், டைமிங்கைக் குறைக்க வேண்டியிருக்கும்.

த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன் காலையில் ஸ்டார்ட் ஆக நல்லது, மலைப்பாதைக்கும் நல்லது. நன்றாக ட்யூன் செய்த குவாட்ராஜெட்டைவிட மைலேஜ் பெரிதாகக் கூடும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை இவற்றுக்கு ஒரு டாலர்கூடத் தண்டம்.

மைலேஜ் அளப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆக்ஸில் அல்லது டயர் மாறியதும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். 3.73-இலிருந்து 3.42-க்கு வந்து ஸ்பீடோமீட்டரைச் சுற்றும் சின்ன பிளாஸ்டிக் கியரை மாற்றாவிட்டால் ஓடிய தூரம் 8 சதவீதம் குறைவாகக் காட்டும். ஏறிய மைலேஜ் தாளில் தெரியாது. ஜி.பி.எஸ். வைத்து ஒப்பிட்டுப் பல் எண்ணிக்கை சரியான கியரைக் கியர்பாக்ஸ் வாலில் மாட்டிய பிறகே முதல் டேங்க் கணக்கை எழுதுங்கள்.